குமரகுருவுக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை

1

இந்தக் கதையைத் தொடங்கிவைத்த வாக்கியம் என்னுடையது இல்லை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்கேன் சென்டரில் காத்திருந்தபோது அது காதில் விழுந்தது. என் கணவர் சபாபதிக்குச் சர்க்கரை பார்க்கப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒருவர், நாற்பதை நெருங்கும் வயது. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனார். சட்டையின் தோளில் ஒரு சிவப்புப் பட்டிழை ஒட்டியிருந்தது. நெசவாளர் என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் அது போதும்.

கவுண்டரில் இருந்த பெண், "உங்களுக்கு இன்னா பண்ணுதுண்ணா?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்ல வேலைக்குப் போறாங்கமா" என்றார்.

"அவங்க போறாங்க, சரி. உங்களுக்கு இன்னா பண்ணுது?"

"அதாம்மா பண்ணுது."

காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, "இங்க அடைச்சிக்கினு இருக்குதுமா, இறங்க மாட்டேங்குது" என்றார். இ.சி.ஜி. அறைக்குள் அவரை அழைத்துப் போனார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள், போனோம். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மீதி நானாக இட்டுக்கட்டியது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மனைவிக்கு வேலை கிடைப்பது நல்ல செய்தி. நல்ல செய்தி எப்படி ஒரு மனிதனின் நெஞ்சை அடைக்கும்? துருவித் துருவிக் கேட்பது என் பிறவிக் குணம். கேட்க ஆள் கிடைக்காதபோது கதை எழுதிப் பார்ப்பேன்.

2

தொடக்கங்கள்.

"பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிவதற்கு முன்பே தறிச் சத்தம்..."

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும் தறிச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இங்கேயே குடியிருக்கிறவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. உங்கள் வீட்டு மின்விசிறி உங்களுக்குக் கேட்கிறதா?

"குமரகுருவின் மனைவி முதல் நாள் கம்பெனி வேனில் ஏறியபோது அவன் இதயம்..."

இதயத்தை இப்போதே கொண்டுவந்தால் பிறகு இ.சி.ஜி.க்கு என்ன வேலை?

"புவனேஸ்வரிக்கு வேலை கிடைத்ததில் அந்தத் தெருவிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் குமரகுரு."

இது இருக்கட்டும். இது உண்மை. இது உண்மையாக இருப்பதுதான் எனக்குத் தலைவலியும்.

3

புவனேஸ்வரிக்கு வேலை கிடைத்ததில் அந்தத் தெருவிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் குமரகுரு. ஒரகடம் பக்கத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தயாரிக்கும் ஒரு கம்பெனி. பெண்களை நிறைய எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவனும் அவன்தான், வண்டியில் பின்னால் உட்காரவைத்து நேர்முகத்துக்கு அழைத்துப் போனவனும் அவன்தான். வேலை உறுதி என்று போன் வந்ததும் அவள் பயந்துபோய், "வேணாம் மாமா, இங்க தறிக்கு யாரு?" என்றாள். அவள் அவனுக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாமாதான்.

"தறி எங்கியும் ஓடிடாது. நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றான். மூடி இறுக்கமான டிபன் பாக்ஸ் வாங்கினான். டீக்கடையில், கோயில் வாசலில், முன்பின் தெரியாத ஆட்டோக்காரரிடம்கூட, "எங்க வீட்ல கம்பெனிக்குப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டான்.*

"தறிக்கு யாரு?" என்று அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நாடா என்பது ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனியாக ஒரு நாடா. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவர் உடல் நாடாவை எறிவார். பக்கத்தில், கரை ஓரமாக உட்கார்ந்திருப்பவர் கரை நாடாவை எறிவார். இரண்டு ஊடை இழையும் ஒவ்வொரு முறையும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்துக்கொண்டால்தான் கரை உடலோடு நிற்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து கரைப் பக்கம் உட்கார்ந்தவள் புவனேஸ்வரி.

(இதை வைத்து இல்லறத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம் என்று கை அரித்தது. எழுதவும் எழுதினேன். சபாபதி படித்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குது" என்றார். எடுத்துவிட்டேன்.)

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம், வேன் தெருமுனையில் திரும்பியதும் குமரகுரு வந்து தறியில் உட்கார்ந்தான். நாடாவைக் கையில் எடுத்தான். எறிய வரவில்லை. தொண்டையில் ஏதோ ஏறி நின்றது. தண்ணீர் குடித்துப் பார்த்தான். சாயங்காலம் வேன் வரும் நேரம் நெருங்க நெருங்க மார்பு இறுகியது. வேன் வந்து அவள் இறங்கிவிட்டால் தளர வேண்டாமா? தளரவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று கத்தினான். அவன் அப்படிக் கத்துகிற ஆளே இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். எதற்கு அழுகிறோம் என்று அவனுக்கே விளங்காததால் அழுகை பாதியில் நின்று, வெட்கம் வந்துவிடும். இப்படியே ஒரு மாதம் போயிற்று. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. கேட்டவர்களிடம் வெயில் என்றான்.

* இவர்களுக்குத் திரிஷா என்று ஒரு மகள் உண்டு, ஒன்பதாம் வகுப்பு. அவளைக் கதைக்குள் விட்டால் கதை அவளுடையதாகிவிடும். கெட்டிக்காரி. அதனால் இந்தக் கதை முடியும்வரை அவள் டியூஷனில் இருப்பாள்.

4 (நீக்கப்பட்டது, ஆனாலும் கிடக்கட்டும்)

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பொறாமை. நானும் அப்படித்தான் நினைத்து ஒரு பக்கம் எழுதினேன்.

"சாப்பிடும்போது புவனா 'சரத்குமார் சார் இன்னிக்கு' என்று ஆரம்பித்தாள். குமரகுருவின் கை தட்டில் நின்றது. நேற்றும் சரத்குமார் சார். அதற்கு முந்தைய நாளும்..."

எழுதியவரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குமரகுரு ஒத்துழைக்கவில்லை. பாத்திரங்கள் சில சமயம் இப்படி முரண்டு பிடிப்பார்கள். அந்த சரத்குமார் சார் புவனா வேலை செய்யும் லைனின் சூப்பர்வைசர், சிறுநீரகக் கல்லால் அவதிப்படுகிற மனிதர். கம்பெனிக் கதைகளில் குமரகுருவுக்கு ஒழுங்காகப் புரிந்தது அந்தக் கல் ஒன்றுதான். "இறங்கிச்சா அவருக்கு?" என்று தினமும் அக்கறையாக விசாரிப்பான். வாழைத்தண்டு சாறு குடிக்கச் சொல் என்று சொல்லியனுப்பினான். இவனை வைத்துக்கொண்டு பொறாமைக் கதை எழுதினால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

அவள் சம்பாத்தியம் தன்னுடையதைவிட அதிகம் என்ற தாழ்வு மனப்பான்மை? அதையும் உரசிப் பார்த்தேன். சம்பளம் வந்த அன்றைக்கு ஏகாம்பரநாதருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தவன் அவன்.

அப்புறம் என்னதான் இவனுக்கு? கதையை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டேன்.

5

புவனேஸ்வரியின் இடத்தில் கோர்வைக்குக் கங்கையம்மாள் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், ஐம்பது வயது, நல்ல கை. அவள் எறிந்த நாடா தடுமாறி யாரும் பார்த்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். புவனேஸ்வரிதான் அவளைப் பேசி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அன்றைக்குக் காலையில் வேலை நல்ல ஓட்டத்தில் இருந்தது. கடுகுப் பச்சை உடல், அரக்குக் கரை, ஒரு முகூர்த்தச் சேலை. குமரகுருவின் கண் துணியில் இருந்தது. இடப்பக்கமிருந்து கரை நாடா வந்தது, போனது, வந்தது. பல நாட்களுக்குப் பிறகு தொண்டை லேசானது. அவன் வாய் தானாகத் திறந்தது.

"நேத்து நீ மூஞ்சத் திருப்பிக்கினு படுத்துக்கின இல்ல, எனக்குத் தூக்கமே வரல. நான் வேணும்னு கத்தலடி. எனக்கு இன்னா ஆவுதுன்னு எனக்கே தெரியல. கிட்ட வந்து படுத்தா ஆவாதா?"

கரை நாடா நின்றது.

"யப்பா குமரு" என்றாள் கங்கையம்மாள். "நான் உம் பொண்டாட்டி இல்லப்பா. எனக்குப் பேரன் எடுத்தாச்சு."

அவன் தலை தூக்கவில்லை. காது இரண்டும் சிவந்து, நாடாவை மடியில் வைத்துவிட்டான். கங்கையம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கே சங்கடமாகப் போயிற்று. "உடுப்பா, தறியில ஒக்காந்தா கண்ணு துணியில இருக்குது, பக்கத்துல யாருன்னு வாய்க்கு எப்டித் தெரியும்? எங்க ஊட்டுக்காரு செத்து ஒரு வருசம் வரைக்கும் நானே அப்டிப் பேசிக்கினு இருந்தவதான்" என்றாள்.

இந்த இடத்தை எழுதும்போதுதான் எனக்கே விஷயம் பிடிபட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

குமரகுருவும் புவனேஸ்வரியும் தங்கள் வாழ்க்கையில் பேசியதெல்லாம் தறியில் பேசியதுதான். அவர்கள் வீட்டில் வேறெங்கும் பேச்சு கிடையாது. அடுப்படியில் "போடட்டா?", "போதும்". வாசலில் "வந்துட்றேன்". அவ்வளவுதான். ஆனால் தறியில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேர் கண்ணும் துணியில் இருக்க, இரண்டு பேர் கையும் தன் பாட்டுக்கு வேலை செய்ய, அவர்கள் எல்லாவற்றையும் பேசியிருக்கிறார்கள். அவன் அம்மா போனபோது கடைசி நேரத்தில் தான் டீ குடிக்கப் போய்விட்டதை அவன் அங்கேதான் சொன்னான். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்னதும் அங்கேதான். சண்டை போட்ட நாட்களில் கரை நாடா வெடுக்கென்று வரும், அவன் அதை வைத்தே கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்வான். சமாதானமும் கையில்தான் முதலில் தெரியும். முகத்தைப் பார்த்து ஒரு பெரிய விஷயமும் அவர்கள் பேசியதில்லை. அதற்குத் தேவையே வந்ததில்லை.

இப்போது அவள் வந்து, குளித்து, எதிரே தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து கம்பெனிக் கதை சொல்கிறாள். எதிரே உட்கார்ந்தால் முகம் தெரிகிறது. முகம் தெரிந்தால் அவனுக்கு வாய் எழவில்லை. அவன் தட்டைப் பார்க்கிறான். இவனுக்கு நம் பேச்சில் அக்கறை இல்லை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். மனைவி வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் அவளோடு பேசுகிற இடம் போய்விட்டது. அது போனதே அவனுக்குத் தெரியாது. நெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

மறுநாள் கங்கையம்மாளை அவன் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். புவனேஸ்வரியிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவள், "கங்கக்கா வந்தாங்களா?" என்று கேட்டாள். "வந்தாங்க" என்றான்.

6

இதுவரை எழுதியதைச் சபாபதியிடம் கொடுத்தேன். அவர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று இன்னும் வருஷம் ஆகவில்லை. அஞ்சறைப்பெட்டியை ஒழுங்குபடுத்துவது இப்போது அவர் வேலை. கடுகு இருந்த இடத்தில் சீரகத்தை வைத்துவிட்டு, நான் தேடும்போது பெருமையாக எடுத்துக் கொடுப்பார்.

படிக்க ஆரம்பித்ததும், "ஆம்பள ஒருத்தன் இதுக்கெல்லாம் இ.சி.ஜி. எடுப்பானா? நம்பற மாதிரி இல்லியே" என்றார்.

"உங்க எதிர்லதானே எடுத்தாரு?"

"அது நெஜம். நெஜத்துல எது வேணா நடக்கும். கதையில நடக்கணும்னா காரணம் வேணும்."

சரியான பேச்சுதான். ஐந்தாவது பகுதியைப் படித்து முடித்தார். தாள்களைச் சமமாகத் தட்டி அடுக்கி மேசையில் வைத்தார். அஞ்சறைப்பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"அவனுக்குச் சரியாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் எழுதல."

"எழுது, எழுது" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

7

கரைக்கு ஆள் இல்லாமல் குமரகுரு எப்படி நெய்தான் என்று நெசவு தெரிந்தவர்கள் கேட்பீர்கள். உடல் நாடாவை எறிந்துவிட்டு, குழியிலிருந்து பாதி எழுந்து, இடப்பக்கம் எட்டி, கரை நாடாவையும் அவனே எறிந்தான். பிறகு உட்கார்ந்து, இழை நெருங்கப் பலகையை அடித்தான். மறுபடி எழுந்தான். ஒவ்வொரு இழைக்கும் இப்படி. எதிர் வீட்டு அப்பாதுரை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, தறியில தோப்புக்கரணம் போட்டுக்கினு இருக்கிற?" என்று கேட்டார். முதுகு விட்டுப்போயிற்று. சேலை நகரவில்லை. முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டிருந்தவர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆனாலும் இன்னொருவரை அந்த இடத்தில் உட்காரவைக்க அவனால் முடியவில்லை. உட்காரவைத்தால் வாய் திறந்துகொள்ளும் என்ற பயம்.

இந்த நாட்களில்தான் அவன் ஸ்கேன் சென்டருக்குப் போனது. (கவுண்டரில் நின்று அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை நான் இப்போது எழுதினால் வேறுமாதிரி எழுதுவேன்.) நெஞ்சில் ஒன்றுமில்லை என்று தாளில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு டாக்டர் மஹாலட்சுமியிடம் போனான். கதையில் வருகிற டாக்டர்கள் அளவுக்கு மீறிப் பேசுவார்கள். அதனால் இவருக்கு நான் கொஞ்சம்தான் இடம் கொடுத்திருக்கிறேன்.

"வீட்ல ஏதாவது மாத்தம் நடந்துதா?"

"நல்ல மாத்தம்தான் டாக்டர். அவங்களுக்கு வேலை கெடச்சிருக்குது."

"நல்லதோ கெட்டதோ, ஒடம்புக்கும் மனசுக்கும் அது மாத்தம்தான். சில பேருக்குப் பழகறதுக்குள்ள இப்படித் தூக்கம் போயி, சாப்பாடு போயி, அழுக வரும். இது உங்க குத்தம் இல்ல. நீங்க நடிக்கவும் இல்ல. வைத்தியத்துல இதுக்குப் பேரே இருக்குது. பேசப் பேசக் கொறையும். அடுத்த வாட்டி வீட்ல கூட்டிக்கினு வாங்க, ரெண்டு பேரும் ஒக்காந்து பேசலாம்."

"அவங்களுக்குத் தெரிய வேணாம் டாக்டர்."

"ஏன்?"

"தெரிஞ்சா வேலைய உட்ருவாங்க."

இதுதான் அவனுக்குக் கழுத்தில் கத்தி. சொன்னால் அவள் நின்றுவிடுவாள். யோசிக்கவே மாட்டாள், அவள் சுபாவம் அது. சொல்லாவிட்டால் இவன் உள்ளுக்குள்ளேயே உருகிப் போவான். அவளுக்கோ அந்த வேலை பிடித்துப்போயிருந்தது. ஒயர்களின் நிறம் பார்த்து அடுக்கும்போது கேன்டீனில் கேட்ட பாட்டை முணுமுணுப்பது, தோழிகளோடு வேனில் சிரிப்பது, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்து வருவது. லைன் லீடர் பயிற்சிக்கு அவள் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. குமரகுரு தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லதுதான்" என்றான். அவன் மனதார நினைத்ததும் அதுதான்.

8

ஞாயிற்றுக்கிழமை மதியம் புவனேஸ்வரி தறியைத் துடைத்தாள். முன்பெல்லாம் அது அவள் வழக்கம். நெய்தவரை தறியின் உருளை மரத்தில் சுற்றியிருந்த சேலையைக் கொஞ்சம் தளர்த்தி, கரையும் உடலும் சேரும் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் உள்ளே போனது.

கரை தனியாக, உடல் தனியாக. நடுவில் கிழிசல் மாதிரி ஒரு திறப்பு. அங்கே இரண்டு இழையும் ஒன்றையொன்று பிடிக்கவே இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. சாயங்காலம் வேன் நேரத்தில் நெய்த பகுதிகள் அவை. ஆனால் அது அவளுக்குத் தெரியாது, எனக்கும் குமரகுருவுக்கும்தான் தெரியும்.

"மாமா, இன்னா இது? கோர்வை உட்டுப்போயிருக்குது. கங்கக்கா கை இப்டி உடாதே?"

அவன் கதவருகே நின்றான்.

"கங்கக்கா வராங்களா, இல்லியா?"

"இல்ல."

"எப்பத்துலேருந்து?"

அவன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். உதடு நடுங்கியது. அதை அவள் பார்த்துவிட்டாள். அவன் உதடு நடுங்கி அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

நான் இங்கே அவளைக் கத்தவைத்து ஒரு வரைவு எழுதினேன். தலையில் அடித்துக்கொண்டு அழுவதாக ஒன்று. இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை. அவள் கையிலிருந்த துணியை உதறிப் போட்டுவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, கரைப் பக்கம் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கரை நாடாவைக் கையில் எடுத்தாள்.

"வந்து ஒக்காரு" என்றாள்.

குமரகுரு குழிக்குள் இறங்கினான்.

"எறி."

அவன் எறிந்தான். கரை நாடா வந்தது. பலகை அடித்தது. மறுபடி எறிந்தான். இரண்டு பேரும் ஒரு விரல்கடை அளவு நெய்திருப்பார்கள். பிறகு அவன் தொண்டை திறந்துகொண்டது.

அவன் சொன்னதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை, உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கங்கையம்மாளிடம் உளறியதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். இ.சி.ஜி. என்றதும் சிரிப்பு நின்றது, நாடா நிற்கவில்லை. "ஒனக்கு வேலை கெடச்சதுல எனக்கு சந்தோசம்தான் புவனா. சத்தியமா சந்தோசம். ஆனா நீ வேன்ல ஏறிட்டா எனக்கு பயமா இருக்குது. எதுக்குப் பயம்னா சொல்லத் தெரியல. ஊடு பூரா காலியா இருக்குது. நீ வந்துட்டாலும் காலியாவே இருக்குது" என்றான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"எங்க சொல்றது? சோத்துத் தட்டு எதிர்லயா?"

நாடா இரண்டு முறை போய் வந்தது.

"எனக்கு அங்க போனா நல்லா இருக்குது மாமா" என்றாள் அவள். "பொய் சொல்லக்கூடாது. காலையில வேன்ல ஏறி ஒக்காந்தா அப்பாடான்னு இருக்குது. அதுக்காவ ஒன்ன உட்டுட்டு ஓடறேன்னு அர்த்தம் இல்ல. எனக்கும் ராத்திரியில ஒங்கிட்ட எப்டிப் பேசறதுன்னு தெரியல, அதான் கம்பெனிக் கதையா சொல்லிக்கினு இருக்கேன். நீ தட்டயே பாத்துக்கினு இருந்தா நான் இன்னாதான் சொல்றது, சரத்குமார் சாரோட கல்லப் பத்திதான் சொல்லணும்."

அவன் சிரித்தான். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"நாளிக்குப் போயி நின்னுட்றேன்னு சொல்லிட்டு வந்துட்றேன்" என்றாள்.

"வேணாம்."

"வேணாம்னா நெஞ்சு அடைக்குதே?"

"அடைக்கட்டும்."

"நான் நின்னுட்டா ஒனக்கு சரியாயிடுமா? நெஜத்த சொல்லு."

உடல் நாடா அவள் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவள் கரை நாடாவை எறியவில்லை. உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"துணியப் பாத்து சொல்லாத மாமா. என்னப் பாத்து சொல்லு."

9

கதை இங்கே நின்றுவிட்டது.

குமரகுருவுக்கு நிஜமான பதில் தெரியும். சரியாகிவிடும். அவள் நின்றுவிட்டால் அந்த வாரமே பசி எடுக்கும், தூக்கம் வரும், தொண்டை அடைப்பு இறங்கும். அந்த நிஜம்தான் அவனைப் பயமுறுத்துகிறது.

அவன் அதையே சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். "சரியாயிடும்" என்கிறான். அவள் மறுநாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவன் ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிடுகிறான். கரை நாடா ஒழுங்காக வந்து போகிறது. அதற்கு மேல் எழுத வந்தபோது புவனேஸ்வரி ஒரு வார்த்தையும் பேச மறுத்துவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் நாடாவை மட்டும் எறிந்துகொண்டிருந்தாள். கிழித்துவிட்டேன்.

"ஆவாது. நீ போ" என்று அவன் பொய் சொல்வதாக இன்னொன்று. கேட்க உயர்வாக இருந்தது. ஆனால் அவள் இத்தனை வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவள். அந்தப் பொய் அவளிடம் ஒரு நொடி நிற்காது. அதையும்...

சபாபதி ஒரு முடிவு சொன்னார். "டாக்டரம்மா ரெண்டு பேரையும் கூப்ட்டாங்கல்ல? போகச் சொல்லு. இதுல இன்னா வெக்கம்?" நியாயமான யோசனை. அவர்கள் போகத்தான் வேண்டும், போவார்கள் என்றும் நம்புகிறேன். ஆனால் அது செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ நடக்கிற காரியம். அவள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை மதியம், நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு.

என் சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். குமரகுருவின் பேச்சு என்னிடம் நிறைய இருக்கிறது. எல்லாமே குனிந்த தலையோடு பேசியது. டாக்டரிடம்கூட மேசையைப் பார்த்துத்தான் பேசினான். ஒரு முகத்தை நேராகப் பார்த்து, "நீ போகணும், ஆனா நீ போனா எனக்குத் தாங்கல, ரெண்டும் உண்மை" என்பதை அவன் எந்த வார்த்தையில் சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். என்னிடமும் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கும் சபாபதியிடம் முகம் பார்த்துச் சொல்ல வேண்டியதை நான் இத்தனை தாள்களில் எழுதிக் கொடுத்துவிட்டு, காய் நறுக்குகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவரும் படித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

குமரகுரு எங்களைவிடத் தைரியசாலி. அவன் தலையைத் தூக்கிவிட்டான்.

எதிரே அவள் முகம். அவள் கேள்வி அப்படியே நிற்கிறது. அவன் வாயைத் திறக்கிறான். நீங்களாவது எப்போதாவது ஒருவரை நேராகப் பார்த்து இப்படி ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள். முதல் வார்த்தையாக எதைச் சொன்னீர்கள்?